வானில் பறந்தவர், தெருநாய்க்குக் கதவு திறந்தவர்

லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டிவந்த உஷா சுந்தரம், எட்டு வருடம் கழித்துத் தன் தி.நகர் வீட்டைத் தெருவில் கிடந்த உயிர்களுக்குத் திறந்துவிட்டார். தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய் நாடே இரண்டு அணியாக நிற்கும் இந்த நேரத்தில், அந்தத் தாயின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1951ஆம் ஆண்டு. மெட்ராஸ் அரசு தன் உபயோகத்துக்கு ஒரு சிறிய விமானம் வாங்கியது. இரட்டை எஞ்சின் கொண்ட ‘டி ஹாவிலண்ட் டவ்’. இங்கிலாந்தில் தயாரான அந்த விமானத்தைப் பெற்றுவரும் பொறுப்பு ஒரு தம்பதியிடம் ஒப்படைக்கப்பட்டது. கணவர் கேப்டன் வி. சுந்தரம், மனைவி உஷா. போகும்போது கப்பல் பயணம். திரும்பும்போது இருவரும் விமானி இருக்கைகளில். பாரிஸ், சைப்ரஸ், பாக்தாத், கராச்சி என்று இறங்கி ஏறி, லண்டனிலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அந்தத் தடத்தில் அது சாதனை. இன்றுவரை அதை யாரும் முறியடிக்கவில்லை என்கிறார்கள்.

1924இல் பிறந்த உஷாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைய விமானங்களில் இருக்கும் கணினியும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் அன்று கிடையாது. வரைபடம், திசைகாட்டி, வானொலி, கண் பார்வை, துணிச்சல் இவைதான் துணை. பாலைவனத்துக்கும் கடலுக்கும் மேலாக, அரசாங்கத்தின் சொத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் எழுபது வருடங்களுக்கும் முன்னால் ஏற்று முடித்திருக்கிறார் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே நம் பிள்ளைகள் படித்திருக்க வேண்டும்.

மகாராஜாவின் டகோட்டா

விமானம் ஓட்டிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர், 1936இல் லாகூரில் விமானி உரிமம் பெற்ற சரளா தக்ரால். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வரிசையில் முதல் பெயர் உஷா சுந்தரம். பெங்களூரு ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் பயிற்சி முடித்து வெளியே வந்த முதல் பெண் அவர்தான்.

அந்தச் சான்றிதழ் வருவதற்கு முன்பே அவர் பறக்கத் தொடங்கிவிட்டார். கேப்டன் சுந்தரம் மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்துக்கு விமானி. பக்கத்து இருக்கையில் துணை விமானியாக உஷா. ஜவாஹர்லால் நேரு, ராஜேந்திர பிரசாத், சர்தார் படேல் என்று புதிதாகப் பிறந்த நாட்டின் தலைவர்கள் பலரும் இந்தத் தம்பதி ஓட்டிய விமானத்தில் பயணம் செய்திருக்கிறார்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கப் படேல் ஊர் ஊராகச் சுற்றிய காலம் அது.

பிரிவினையின்போது பாகிஸ்தான் பக்கத்தில் சிக்கிக்கொண்டவர்களை இந்தியாவுக்கு அழைத்துவரும் பறப்புகளிலும் உஷா பங்கேற்றார். இந்தத் தகவலைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஊரையும் உறவையும் இழந்து, உயிர் ஒன்றே மிச்சமாக ஓடிவந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்த விமானம் அது. ஆபத்தில் இருப்பவரை முதலில் அங்கிருந்து தூக்கிவந்து பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டும், மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் என்ற பாடத்தை அந்தப் பறப்புகளைவிட எதுவும் நன்றாகக் கற்றுத்தந்திருக்க முடியாது. பிற்காலத்தில் விலங்குகள் விஷயத்தில் அந்தக் குடும்பம் செய்ததும் அதேதான்.

1952 வாக்கில் உஷா பறப்பதை நிறுத்திக்கொண்டு குடும்பத்தைக் கவனிக்கத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். நான் இங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். எந்த வீட்டுக்காக அவர் விமானத்தை விட்டு இறங்கினாரோ, அந்த வீடுதான் ஒரு நகரத்தின் மனசாட்சியை மாற்றியது.

மழையில் வந்த விருந்தாளிகள்

1959. மெட்ராஸில் அடைமழை. தி.நகர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம். அந்தத் தண்ணீரில் சில நாய்க்குட்டிகள் தத்தளித்துக்கொண்டிருந்ததைக் கேப்டன் சுந்தரம் பார்த்தார். எத்தனையோ பேர் பார்த்துவிட்டு நடந்திருப்பார்கள். அவர் குட்டிகளை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற விலங்கு நல அமைப்பின் பிறப்பு இப்படித்தான்.

கொண்டுவந்தவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கொண்டுவந்த உயிரை வீடு ஏற்றுக்கொண்டதைப் பற்றியும் எழுத வேண்டும். மழையில் நனைந்த குட்டியைக் கையில் ஏந்தி வாசலில் நிற்கும் கணவனையோ பிள்ளையையோ, “எங்கிருந்து தூக்கிட்டு வந்தியோ அங்கேயே விட்டுட்டு வா” என்று திருப்பி அனுப்பும் வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். அதில் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்த வேளைப் பாலும், ராத்திரி முழுக்க முனகலும், தரையில் ஈரமும் கடைசியில் யார் தலையில் விழும் என்பது அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியும். சுந்தரம் வீட்டில் கதவு திறந்தது. திறந்த கதவு பிறகு மூடவில்லை. அடிபட்டவை, அநாதையானவை, நோயில் கிடந்தவை என்று ஒவ்வொன்றாக வந்து சேர, தி.நகர் வீடே காப்பகமாக மாறியது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருமே தொண்டர்கள். மூத்த மகன் சின்னி கிருஷ்ணா அன்று தொடங்கிய வேலையை முதுமைவரை தொடர்ந்து, இந்திய விலங்கு நல இயக்கத்தின் முக்கியக் குரல்களில் ஒருவரானார்.

நம் அம்மாக்களுக்கு இரக்கம் புதிதல்ல. காக்கைக்குச் சோறு வைப்பார்கள், எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடுவார்கள், தெருவில் குட்டி போட்ட நாய்க்கு மிச்சச் சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து வைப்பார்கள். ஆனால் அந்த இரக்கம் பெரும்பாலும் வாசற்படியோடு நின்றுவிடும். நாளைக்கு அந்த நாய் அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது, அதன் அடுத்த ஈற்றுக் குட்டிகள் எங்கே போகும், நாய் பிடிக்கும் வண்டி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு ஒரு தனி வீட்டால் பதில் சொல்ல முடியாது. சுந்தரம் குடும்பம் அந்தக் கேள்விகளை எதிர்கொண்டது. 1964இல் ப்ளூ கிராஸ் முறைப்படி பதிவு செய்யப்பட்ட அமைப்பானது. வீட்டு வாசலில் தொடங்கிய இரக்கத்துக்கு ஆம்புலன்ஸும் மருத்துவரும் பதிவேடும் கிடைத்தன. இன்று கிண்டி, வேளச்சேரி சாலையில் இருக்கும் அதன் வளாகத்தைத் தெரியாத சென்னைவாசிகள் குறைவு.

நாய் வண்டிக் காலம்

அவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்று புரிந்துகொள்ள, அன்றைய மெட்ராஸை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘கார்ப்பரேஷன் நாய் வண்டி’ என்றால் பெரியவர்களுக்கு இன்றும் ஞாபகம் வரும். கழுத்தில் சுருக்கு மாட்டி, தரதரவென்று இழுத்து, கம்பிக் கூண்டு வண்டிக்குள் வீசுவார்கள். தெருப் பிள்ளைகள் தங்களோடு விளையாடிய நாயை ஒளித்துவைக்க ஓடுவார்கள். பிடிபட்ட நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொல்வது மாநகராட்சியின் வழக்கம்.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் இந்த வேலை மெட்ராஸில் 1860இலேயே தொடங்கிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கைதான் வருடா வருடம் ஏறியது. 1970களின் தொடக்கத்தில், குவிந்த நாய்த்தோலைக் கொண்டு கழுத்து டையும் பணப்பையும் தயாரிக்க மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகளை வடிவமைக்கும் அளவுக்கு நிலைமை போனது.

கொன்றும் ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் எத்தனை நாய் வாழ முடியும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடைக்கும் உணவு. குப்பைத்தொட்டியும் இறைச்சிக்கடைக் கழிவும் ஓட்டல் மிச்சமும் அப்படியே இருக்க, நாயை மட்டும் அகற்றினால் அந்த இடம் காலியாக இருக்காது. பக்கத்துப் பகுதி நாய்கள் உள்ளே வரும். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். போட்டி குறைந்த இடத்தில் பிறக்கும் குட்டிகளில் அதிகம் பிழைக்கும். புதிதாக வந்தவை இடத்துக்காகச் சண்டை போடும். அவற்றில் எதற்கும் தடுப்பூசி போட்டிருக்காது. ஆக, கொல்வதால் தெரு முன்பைவிட ஆபத்தாகத்தான் மாறும்.

1964இல் ப்ளூ கிராஸ் முன்வைத்த மாற்று எளிமையானது. கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள், ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள், அதே இடத்தில் விடுங்கள். மாநகராட்சி இதை ஏற்றுக்கொள்ள முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை அமைப்பு தன் சக்திக்கு முடிந்த அளவு அறுவை சிகிச்சைகளைத் தானே செய்துவந்தது. 1995-96இல்தான் சென்னையில் கொல்வது நின்று கருத்தடைத் திட்டம் வந்தது. சென்னையின் அனுபவம் பிற நகரங்களுக்கும் போனது. 2001இல் மத்திய அரசு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தபோது, மெட்ராஸில் பிறந்த யோசனை நாடு முழுமைக்கும் சட்ட வடிவம் பெற்றது. அந்த விதிகள் 2023இல் புதுப்பிக்கப்பட்டன.

காதில் ஒரு வெட்டு

இந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரியும். வலையோடு வண்டி தெருவுக்கு வரும். பிடிக்கும்போதே எந்தத் தெரு, எந்த முனை என்று குறித்துக்கொண்டு நாய்க்கு ஓர் எண் தர வேண்டும். மையத்தில் சேர்த்ததும் உடல்நிலையைப் பார்ப்பார்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் அறுவைக்கு முன் சாப்பாடு கிடையாது. பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பார்கள். ஆண் நாய்க்கு விதை நீக்கம். மயக்கம் தெளிவதற்குள் காதின் நுனியில் ‘வி’ வடிவத்தில் சின்னதாக ஒரு வெட்டு. கூடவே ரேபிஸ் தடுப்பூசி.

பிறகு சில நாள் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல் பிரியாமல் இருக்கிறதா, சீழ் பிடிக்கவில்லையா, சாப்பிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தையல் பிரிந்த நாயைத் தெருவில் விட்டால் அது சாகும். புண் ஆறியதும், பிடித்த அதே தெருமுனையில் கொண்டுபோய் விட வேண்டும். இடம் மாற்றி விட்டால் அங்கிருக்கும் நாய்கள் கடித்துக் குதறும். தப்பித்தால் சாலையில் அடிபடும்.

உங்கள் தெருவில் காது நுனி வெட்டுப்பட்ட நாய் படுத்திருந்தால், அதன்மேல் இத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அதற்கு இனிக் குட்டி கிடையாது. தடுப்பூசியை மட்டும் உரிய காலத்தில் தொடர்ந்து போட்டுவந்தால், அதனால் ரேபிஸ் பரவவும் பெரும்பாலும் வழியில்லை.

மாநிலங்களவையில் ஒலித்த குரல்

இதே நகரத்தில் இன்னொரு பெண் சட்டத்தின் வழியாக இதே பாதையில் நடந்தார். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். பரதத்துக்கு அவர் செய்ததை உலகம் கொண்டாடுகிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, விலங்குகளை வதைப்பதைத் தடுக்க அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்ததை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு வாக்களித்த பிறகே அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணி அடித்து அரசனிடம் நியாயம் கேட்ட கதையைப் பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஐம்பதுகளின் இறுதியில் இந்தக் கதையை நிஜமாகவே நடத்திக்காட்டிய ஊர் மெட்ராஸ். ஒரு பெண் சட்டம் எழுத வைத்தார். இன்னொரு பெண்ணின் குடும்பம் அந்தச் சட்டத்தின் நோக்கத்தைத் தெருவில் தினசரி வேலையாக மாற்றியது. ‘எல்லா உயிர்களிடத்தும் இரக்கம்’ என்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு சேர்த்துக்கொண்டது அதற்கும் பிறகு, 1976இல்.

விதை பிற ஊர்களிலும் விழுந்தது. கலாக்ஷேத்ராவில் படித்த நடிகை அமலா 1992இல் ஹைதராபாத்தில் ப்ளூ கிராஸைத் தொடங்கினார். தவளையை அறுக்காமலே மாணவர்கள் உடற்கூறு கற்க உதவும் ‘கம்ப்யூஃப்ராக்’ என்ற கணினி மென்பொருளையும் சென்னை ப்ளூ கிராஸ் உருவாக்கச் செய்தது. வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளிடம் பிறந்த இரக்கம், ஆய்வுக்கூட மேஜைவரை போனது.

குழந்தையா, நாயா?

கேப்டன் சுந்தரம் 1997இல் மறைந்தார். உஷா 2010 ஏப்ரலில் காலமானார். அதற்குப் பிறகான வருடங்களில் தெருநாய் விவாதத்தில் கோபம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லிப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியமைத்து, ரேபிஸ் பாதித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது.

கடிபட்ட குழந்தையின் தாய் கொதிப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அந்த வேதனையின் முன்னால் நாய்ப் பாசம் பேசி யாரையும் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ஆனால் அந்தத் தாய்க்கு நாம் தர வேண்டிய பதில் என்ன? ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸின் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். கருத்தடை ஆனவை ஏறக்குறைய கால் பங்குதான். அறுபது வருடத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்துச் சொன்ன ஊர், அந்த வழியில் பாதி தூரம்கூட நடக்கவில்லை. குழந்தையைக் கடிக்கவிட்டது நாயின் மேல் காட்டிய இரக்கம் அல்ல. தொடங்கிய வேலையைப் பாதியில் விட்ட நம் அலட்சியம்தான்.

உஷா சுந்தரத்தின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். அவர் குடும்பம் கட்டியெழுப்பிய திட்டத்தில் குழந்தைக்கும் நாய்க்கும் பகை கிடையாது. நாய்க்குப் போடும் தடுப்பூசிதான் குழந்தைக்கும் கவசம். நாய்க்குச் செய்யும் கருத்தடைதான் தெருவுக்கும் நிம்மதி. ஒரு வீட்டுத் தாய் தன் பிள்ளைக்கும் பாதுகாப்புப் பார்ப்பாள், வாசலில் ஒதுங்கிய உயிருக்கும் சோறு வைப்பாள். ஒன்றைச் செய்ய இன்னொன்றை விரட்ட வேண்டும் என்று அவள் நினைப்பதில்லை. அரசாங்கமும் நகரமும் அந்தத் தாயைப் போல யோசித்தால் போதும்.

அவரை உண்மையாகவே நினைவுகூர விரும்பினால் செய்ய வேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் கருத்தடை மையம் போதிய மருத்துவர்களோடு இயங்க வேண்டும். தடுப்பூசி முகாம் வருடா வருடம் தவறாமல் நடக்க வேண்டும். குப்பையும் இறைச்சிக் கழிவும் தெருவில் தேங்கக் கூடாது. கடிபட்டவருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி கிடைக்க வேண்டும். தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள் அதோடு நிற்காமல், அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டதா, ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு முடித்துவைக்க வேண்டும். சோறு வைப்பது அன்பின் தொடக்கம். அந்த உயிராலும் அந்த உயிருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முழுமை. உஷா சுந்தரமும் அவர் குடும்பமும் வாழ்ந்து காட்டியது அந்த முழுமையான அன்பை. அதை முடித்துவைக்கும் கடன் இப்போது நம்முடையது.